சுவிட்சர்லாந்தில் ரயிலும் பஸ்ஸும்: புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சுவிஸுக்கு வந்து இறங்கும் உறவினர்கள் முதலில் விசாரிப்பது டிக்கெட் விலையைத்தான். கேட்டதும் மலைத்துப்போகிறார்கள். அதன்பிறகு எங்கே போவதென்றாலும் யாராவது காரில் கூட்டிப்போகட்டும் என்று வீட்டிலேயே காத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் அப்படிக் காத்திருக்க அவசியமே இல்லை. ஐரோப்பாவிலேயே தலைக்கு அதிக தூரம் ரயிலில் போகிற மக்கள் இவர்கள்தான். நாலு வீடு உள்ள மலைக் கிராமத்துக்கும் மஞ்சள் பஸ் போய்விட்டு வருகிறது. இதெல்லாம் எப்படி ஒன்றோடொன்று கோத்து ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த டிக்கெட் வாங்குவது என்பது தானாகப் பிடிபடும். அதனால் விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் கால அட்டவணை.

படி 1: அட்டவணையின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சுவிஸ் ரயில்கள் அப்படியொன்றும் அதிவேக ரயில்கள் அல்ல. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் 300 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன, இங்கே 200ஐத் தொடுவதே சில பாதைகளில்தான். இவர்கள் காசைக் கொட்டியது வேறு ஒன்றில். 1982 மே மாதத்தில் மணிக்கு ஒரு ரயில் என்ற முறை நாடு முழுக்க வந்தது. 1987 டிசம்பரில் மக்கள் வாக்களித்து ‘பான் 2000’ என்ற பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அது 2004 டிசம்பர் 12 அன்று முழு அளவில் ஓடத் தொடங்கியது.

அந்தத் திட்டத்தின் சூட்சுமம் இதுதான். சூரிச், பேர்ன், பாசல் போன்ற பெரிய சந்திப்புகளுக்குப் பல திசைகளிலிருந்தும் வரும் ரயில்கள், மணி முழுதாவதற்குச் சில நிமிடம் முன் வந்து சேர்கின்றன. மணி அடித்த சில நிமிடத்தில் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. இடையில் கிடைக்கும் அந்தச் சில நிமிடத்தில் நீங்கள் ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடலாம். அரை மணிக்கும் இதே ஏற்பாடு. இது நடக்க வேண்டுமென்றால் ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்புக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சூரிச்சிலிருந்து பேர்னுக்கு முன்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாட்ஸ்டெட்டனுக்கும் ரோத்ரிஸ்டுக்கும் நடுவே 45 கி.மீ. புதுப் பாதை போட்டு அதை 56 நிமிடமாக்கினார்கள். அதை இன்னும் பாதியாக்கப் பெருஞ்செலவு செய்யவில்லை, 56 நிமிடமே கணக்குக்குச் சரியாக இருந்தது. பேர்னில் இறங்குபவருக்கு அடுத்த ரயில் எதிரே நின்றால், அதற்கு மேல் வேகம் எதற்கு?

உங்களுக்கு இதனால் என்ன பயன்? மணியை மறந்துவிட்டு நிமிடத்தை மட்டும் மனதில் வையுங்கள். உங்கள் ஊரிலிருந்து ரயில் 17ஆம் நிமிடத்தில் கிளம்பினால் காலை 7:17க்கும் கிளம்பும், இரவு 8:17க்கும் கிளம்பும். வந்து இறங்கும் ரயிலுக்கு ஏற்றபடி நிலைய வாசலில் பஸ் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் இரண்டாம் வார இறுதியில், புது அட்டவணை அமலுக்கு வரும். உங்கள் நிமிடம் மாறியிருக்கிறதா என்று அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

நிலையத்துக் கடிகாரத்தையும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் 1944இல் வடிவமைத்தது. சிவப்பு நொடிமுள் பிறகு சேர்ந்தது; ரயிலுக்குக் கொடி காட்டும் ஊழியர் கையில் இருந்த வட்டத் தலைக் கோல் போலவே இருக்கும். அந்த முள் சுமார் 58.5 நொடியில் ஒரு சுற்றை முடித்து, 12க்கு மேலே வந்ததும் ஒரு கணம் அசையாமல் நிற்கும். தலைமைக் கடிகாரத்திலிருந்து நிமிடக் குறி வந்ததும் பெரிய முள் ஒரு துள்ளு துள்ளும், சிவப்பு முள் மறுபடி கிளம்பும். எல்லா நிலையங்களிலும் நிமிடம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. ரயில் கதவுகள் புறப்படும் நேரத்துக்குச் சில நொடி முன்பே பூட்டிக்கொள்ளும். 7:17 ரயிலுக்கு 7:17க்குப் பிளாட்பாரத்தில் கால் வைத்தால் வால் விளக்கைத்தான் பார்க்கலாம்.

படி 2: செயலியில் கடைசி நிறுத்தம் வரை கேளுங்கள்

எஸ்பிபி என்ற தேசிய ரயில் நிறுவனத்தின் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். நாட்டில் ரயில், பஸ், டிராம், படகு, கேபிள் கார் என்று சுமார் 250 நிறுவனங்கள் ஒரே கட்டண ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன. எந்த நிறுவனத்து வண்டி என்று நீங்கள் பார்க்கத் தேவையில்லை, ஒரே டிக்கெட்டில் எல்லாம் அடங்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிற இடம் இது. சூரிச்சிலிருந்து பேர்னில் உள்ள பல்சமய இல்லத்துக்கு, அங்குள்ள நம் சைவக் கோவிலுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். ‘சூரிச் – பேர்ன்’ என்று டிக்கெட் எடுத்தால் அது பேர்ன் பெரிய நிலையத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து ஏறும் டிராமுக்கு அது செல்லாது. அந்த இல்லம் இருப்பது ஐரோப்பாபிளாட்ஸ் என்ற இடத்தில். அங்கே டிராமும் நிற்கும், நகர ரயிலும் நிற்கும். செயலியில் ‘பேர்ன் ஐரோப்பாபிளாட்ஸ்’ என்றே போட்டால் வழியும் சரியாக வரும், டிக்கெட்டும் முழுதாக வரும். வீட்டு முகவரியைக்கூடப் போடலாம். எந்த நிறுத்தத்தில் இறங்கி எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று காட்டும்.

ஊர்ப் பெயரைத் தட்டும்போது ஓர் எச்சரிக்கை. பாசலிலிருந்து ஃபிரைபர்க் என்று தேடினால் ஜெர்மனியில் உள்ள ஃபிரைபர்க்கும் வரும், சுவிஸில் உள்ள ஃபிரிபூரும் வரும். இரண்டும் எதிரெதிர்த் திசை.

படி 3: டிக்கெட்

இங்கே நிதானமாகப் பாருங்கள், காசு மிச்சமாவது இதில்தான்.

சுவிஸில் வாழ்கிறீர்கள் என்றால் ‘ஹால்ப்டாக்ஸ்’ என்ற அரைக்கட்டண அட்டையை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். 2023 டிசம்பர் கட்டண மாற்றத்தில் அது முதல் ஆண்டுக்கு 190 பிராங்க், புதுப்பிக்கும்போது 170 பிராங்க் என்று ஆனது. நாடு முழுக்க ரயிலிலும் பஸ்ஸிலும் படகிலும் பாதி விலை, உள்ளூர் டிக்கெட்டிலும் நல்ல கழிவு. சூரிச்சிலிருந்து பேர்ன் போய்வர முழு விலையில் 100 பிராங்கைத் தாண்டும். அப்படி நாலு முறை போய்வந்தாலே அட்டையின் விலை திரும்பிவிடும். ‘அடிக்கடி போகமாட்டோமே’ என்று தள்ளிப்போடும் குடும்பங்கள்தான் ஆண்டு முடிவில் அதிகம் கொடுத்திருக்கும்.

எங்கும் எப்போதும் ஏறலாம் என்ற ‘ஜெனரல் அபோ’, அதாவது ஜிஏ, அதே மாற்றத்தில் பெரியவருக்கு இரண்டாம் வகுப்பில் ஆண்டுக்கு 3,995 பிராங்க் ஆனது. தினமும் நகரம் விட்டு நகரம் வேலைக்குப் போகிறவருக்குத்தான் இது சரிப்படும். ஒரே நகரத்துக்குள் புழங்குபவர் அந்த வட்டாரத்து மாத அட்டையும் ஹால்ப்டாக்ஸும் வைத்துக்கொண்டால் போதும்.

விருந்தினராக வருபவர்களுக்குக் கணக்கு வேறு. வெளிநாட்டில் வசிப்பவர்கள் மட்டும் வாங்கக்கூடிய ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கிறது. ரயில், மஞ்சள் போஸ்ட் பஸ், நகர டிராம், ஏரிப் படகு எல்லாம் அதில் அடக்கம். 500க்கு மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் அனுமதி உண்டு. தினம் ஓர் ஊர் பார்க்கிறவருக்கு இது லாபம். ஆனால் அம்மாவும் அப்பாவும் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கி வாரத்துக்கு ஒரு நாள் வெளியே போகிறார்கள் என்றால், விருந்தினருக்கான ஒரு மாத அரைக்கட்டண அட்டைதான் என் தேர்வு. பாஸ் வாங்கிவிட்டு, நாள் வீணாகிறதே என்று முழங்கால் வலியோடு தினமும் அலையும் பெரியவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முன்கூட்டியே நாள் தெரிந்தால் ‘ஸ்பார்டாகஸ்கார்ட்டே’ என்ற சிக்கன நாள் டிக்கெட்டைப் பாருங்கள். ஹால்ப்டாக்ஸ் உள்ளவருக்கு 29 பிராங்கிலிருந்து, இல்லாதவருக்கு 52 பிராங்கிலிருந்து தொடங்கும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அன்று முழுக்க எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம். ‘ஸ்பார்பிலெட்’ என்ற சிக்கன டிக்கெட் இதிலிருந்து வேறுபட்டது: குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும், அந்த ரயிலை விட்டால் டிக்கெட்டும் போச்சு. நேரத்துக்குக் கிளம்பிப் பழக்கமில்லாத குடும்பமென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். சாதாரண நெடுந்தூர டிக்கெட்டோ அன்று முழுவதும், மறுநாள் அதிகாலை 5 மணி வரை செல்லும்; நடுவில் ஓர் ஊரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம். இருக்கை முன்பதிவும் தேவையில்லை.

6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. 16 வரை பாதி. ஆண்டுக்கு 30 பிராங்க் கொடுத்து ஜூனியர் அட்டை எடுத்தால் அந்தப் பிள்ளை அம்மாவோடோ அப்பாவோடோ இலவசமாகவே வரலாம்.

இவ்வளவும் குழப்பமாக இருந்தால் செயலியில் ‘ஈஸிரைட்’ இருக்கிறது. ஏறும் முன் விரலால் இழுத்துத் தொடங்குங்கள், இறங்கியதும் இழுத்து முடியுங்கள். போன தூரத்துக்கு ஏற்ற கட்டணத்தை அதுவே கணக்கிடும். தொடங்குவது வண்டி நகரும் முன் நடந்திருக்க வேண்டும். ஓடும் வண்டியில் பரிசோதகரைக் கண்டதும் தொட்டால் அது டிக்கெட் இல்லாத பயணம்தான். மொபைலில் சார்ஜ் தீர்ந்துபோனாலும் அப்படித்தான்.

நிலையங்களில் தடுப்புக் கதவுகள் எதுவும் இல்லாததால் இலவசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நெடுந்தூர ரயிலில் பரிசோதகர் வந்துவிடுவார். டிராமிலும் நகர ரயிலிலும் சாதாரண உடையில் திடீரென்று ஏறுவார்கள். முதல் முறை பிடிபட்டால் சுமார் 100 பிராங்க், அடுத்தடுத்த முறை கூடும். 2019 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு இருப்பதால் பாசலில் பிடிபட்டது ஜெனீவாவிலும் கணக்கில் வரும். மொபைல் டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும். பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும்.

படி 4: நகரத்துக்குள் மண்டலக் கணக்கு

நகரங்களில் தூரத்துக்குப் பதிலாக மண்டலத்தை வைத்துக் கட்டணம். சூரிச் நகரம் 110ஆம் மண்டலம், விமான நிலையம் 121. நகர மண்டலம் இரண்டாகக் கணக்காகும். டிக்கெட்டில் உள்ள மண்டலத்துக்குள், உள்ள நேரத்துக்குள், டிராம், பஸ், நகர ரயில் எதில் வேண்டுமானாலும் எத்தனை முறையும் மாறலாம். சூரிச்சில் 24 மணி நேர டிக்கெட் இரண்டு ஒற்றை டிக்கெட்டின் விலைதான். ஆகவே போய்த் திரும்புவதாக இருந்தாலே அதை எடுத்துவிடுங்கள்.

இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ, பாசல், ஜெனீவா ஆகிய இடங்களில் ஹோட்டலில் தங்குபவர்களுக்கு உள்ளூர்ப் பயணம் இலவசம். அறை பதிவானதும் அந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: நிலையத்தில் சரியான இடத்தில் நில்லுங்கள்

மஞ்சள் சுவரொட்டி புறப்பாடு, வெள்ளை வருகை. பிளாட்பார எண்ணுக்கு முன் ஜெர்மன் பகுதியில் ‘கிளைஸ்’ என்றும், பிரெஞ்சுப் பகுதியில் ‘வுவா’ என்றும், டிச்சினோவில் ‘பினாரியோ’ என்றும் இருக்கும்.

பெரிய நிலையங்களில் எண் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். சூரிச் பெரிய நிலையத்தில் 3 முதல் 18 வரை மேலே, கண்ணெதிரே தெரியும். 31 முதல் 34 வரை 2014இல் திறந்த லோவன்ஸ்ட்ராசே நிலத்தடி நிலையத்தில். 41 முதல் 44 வரை இன்னொரு நிலத்தடி நிலையத்தில், எதிர்ப்பக்கம். அட்லிஸ்வில் சிவசுப்பிரமணியர் கோவில் பக்கம் போகும் எஸ்4 என்ற நகர ரயிலுக்கு 21, 22. அதுவும் தனியாகக் கீழே. பேர்னில் 49, 50 என்று வந்தால் நிலையத்தின் மேற்குக் கோடி வரை நல்ல நடை உண்டு. பெட்டி, குழந்தை வண்டி, வயதானவர்கள் என்று கூட இருந்தால் செயலி காட்டும் முதல் இணைப்பை விட்டு, மாறுவதற்கு அதிக நேரம் கேட்டுத் தேடுங்கள். அதற்குச் செயலியின் அமைப்புகளில் இடம் இருக்கிறது. அரை மணி கழித்து அடுத்த ரயில் எப்படியும் வரும்.

பிளாட்பாரம் ஏ, பி, சி, டி என்று பகுதி பிரித்திருக்கும். எந்தப் பெட்டி எந்த எழுத்தில் நிற்கும் என்று பலகை காட்டும். மஞ்சள் பட்டை போட்ட பெட்டி முதல் வகுப்பு. இடம் காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

இந்த எழுத்தை அலட்சியம் செய்யக் கூடாது, ஏனென்றால் சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரியும். இன்டர்லாக்கன் ஓஸ்டில் ஏறும் மலை ரயில் ஸ்வைலூட்ஷினன் என்ற சிறு நிலையத்தில் நின்று, ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும். ஒரே பிளாட்பாரம், ஒரே நிற வண்டி, ஒரே நேரம். ஏ பகுதிக்கு ஓர் ஊர், பி பகுதிக்கு ஓர் ஊர் என்று பலகையில் எழுதியிருக்கும், பெட்டியின் பக்கவாட்டுத் திரையிலும் ஓடும். தவறான பாதியில் உட்கார்ந்திருந்தாலும் பதற வேண்டாம், ஸ்வைலூட்ஷினனில் இறங்கி மற்றப் பாதிக்கு நடந்து ஏறிவிடலாம்.

கிளைப்பாதைகளில் இன்னொன்று: சில நிலையங்களில் கேட்டால்தான் ரயில் நிற்கும். உள்ளே இருப்பவர் கதவருகே உள்ள பொத்தானை அமுக்க வேண்டும், பிளாட்பாரத்தில் நிற்பவர் அங்குள்ள பொத்தானை. ‘ஹால்ட் ஆஃப் ஃபெர்லாங்கன்’ என்ற எழுத்தோ அறிவிப்போ வந்தால் இதுதான் விஷயம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஐசி எனப்படும் இரட்டை மாடி நெடுந்தூர ரயில்களில் குடும்பப் பெட்டியைத் தேடுங்கள். மேல்மாடியில் சறுக்குமரத்தோடு விளையாட இடம் இருக்கும்.

படி 6: மலைக்குப் போகும் முன்

செர்மாட்டுக்கு சூரிச்சிலிருந்து போவது இந்த நாட்டின் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள நல்ல பயணம். பேர்ன் வழியாகப் போய், 2007இல் திறந்த 34.6 கி.மீ. நீள லோட்ச்பெர்க் அடித்தளச் சுரங்கத்தைக் கடந்து, ஃபிஸ்ப்பில் இறங்கி எதிரே காத்திருக்கும் சிவப்பு மலை ரயிலில் மாறினால் மொத்தம் சுமார் மூன்றேகால் மணி நேரம். செர்மாட்டுக்குள் பெட்ரோல் கார் போகாது. காரில் வருபவர்களும் பெரும்பாலும் டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயிலில் ஏறுகிறார்கள்.

பாஸ் எங்கே வரை செல்லும் என்று பார்க்காமல் மலை ஏறக் கூடாது. சுவிஸ் டிராவல் பாஸில் ரிகி மலை முழு இலவசம். அங்கே ஓடுவது 1871இல் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். பிலாத்துஸ், டிட்லிஸ், கோர்னர்கிராட் மூன்றுக்கும் பாதி விலை. 3,454 மீட்டரில் உள்ள யுங்ஃப்ராவ்யோக்குக்குக் கால் பங்குதான் கழிவு, அதுவும் கீழே உள்ள கிராமங்களைத் தாண்டிய பிறகான பகுதிக்கு. பார்ப்பவர் எல்லாம் யுங்ஃப்ராவ்யோக் போகச் சொல்வார்கள். பட்ஜெட்டைப் பார்த்துப் போகிறவருக்கு நான் ரிகியைத்தான் சொல்வேன்: லுசேர்னில் படகு ஏறி ஃபிட்ஸ்னாவ், அங்கிருந்து மலை ரயில், எல்லாம் ஒரே பாஸில்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை சுமார் எட்டு மணி நேரம் போகும். அதற்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், தனிக் கட்டணம். அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயில்களும் ஓடுகின்றன. 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம் அவற்றின் ஜன்னலிலும் அதே அழகோடு தெரியும், சில வண்டிகளில் ஜன்னலைக்கூட இறக்கலாம்.

ரயில் போகாத இடத்துக்கு மஞ்சள் போஸ்ட் பஸ். 1906இல் பேர்னிலிருந்து டெட்லிகனுக்கு முதல் தடம் ஓடியது. மலைப்பாதையின் குருட்டு வளைவுகளில் ரோசினியின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்த மூன்று சுர ஹார்னை அடித்துக்கொண்டு திரும்பும். ஊருக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே பார்த்துவிடுங்கள். மலைக் கிராமங்களில் அது மாலையிலேயே முடிந்துவிடலாம்.

படி 7: தாமதமானால்

இங்கே மூன்று நிமிடம் பிந்தினாலே தாமதம் என்று கணக்கு வைக்கிறார்கள். ஆனாலும் பாதை வேலை, விபத்து என்று தடங்கல் வரத்தான் செய்யும். 2023 ஆகஸ்ட்டில் 57 கி.மீ. நீள கோத்தார்ட் அடித்தளச் சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம் புரண்டது. அது முழுமையாகத் திறக்க 2024 செப்டம்பர் ஆனது; அதுவரை பெரும்பாலான பயணிகள் ரயில்கள் பழைய மலைப்பாதையில் சுற்றிப் போயின. செயலியில் உங்கள் பயணத்தைச் சேமித்து வைத்தால் பிளாட்பார மாற்றமும் மாற்று வழியும் மொபைலுக்கு வந்துவிடும்.

2021 முதல் பயணிகளுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. சேரும் இடத்தில் 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் தாண்டினால் 50 சதவீதம் திருப்பிக் கேட்கலாம். ரயில் தாமதத்தால் அன்றைய கடைசி இணைப்பு போய்விட்டால் தனியாக டாக்ஸி பிடிக்காதீர்கள். முதலில் பரிசோதகரிடமோ நிலைய ஊழியரிடமோ போங்கள். டாக்ஸிக்கோ தங்குவதற்கோ ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. மொழி தெரியாது என்று ஒதுங்கி நிற்க வேண்டாம், செயலியில் டிக்கெட்டைக் காட்டினாலே நீங்கள் போக வேண்டிய இடம் அவர்களுக்குப் புரியும்.

சக்கர நாற்காலியில் வரும் பெரியவர்களுக்குத் தூக்கி ஏற்றும் உதவி இலவசம், ஆனால் முன்கூட்டியே பதிய வேண்டும். 2004இல் அமலுக்கு வந்த சட்டம் எல்லா நிலையங்களையும் 2023 முடிவுக்குள் படியில்லாமல் ஏறும்படி மாற்றச் சொன்னது. அந்தக் கெடு முடிந்தும் பல நிலையங்கள் மாறவில்லை. இவ்வளவு திட்டமிடும் நாடு இதில் இருபது ஆண்டு எடுத்தும் முடிக்காதது வருத்தமான விஷயம். ஆகவே அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக் கிளம்பும் முன், ஏறும் நிலையம், மாறும் நிலையம், இறங்கும் நிலையம் மூன்றுக்கும் படியில்லாத வழி இருக்கிறதா என்று செயலியில் தனித்தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.